பழமொழிக்கு ‘உண்மைப் பொருள்’ தேடுவதற்கு முன்: வீட்டுச் சொலவடையையும் வட்டார வழக்கையும் புரிந்துகொள்ள ஒரு தொடக்கம்

“நாம் இத்தனை நாளும் தப்பாகச் சொல்லிவந்த பழமொழிகள்” என்றொரு பட்டியல் ஆண்டுக்கணக்காக வாட்ஸ்அப்பில் சுற்றுகிறது. கழுதை கழுதை இல்லையாம், சட்டி சட்டி இல்லையாம், மண் குதிரை குதிரையே இல்லையாம். பள்ளி விழா மேடையிலும் பட்டிமன்றத்திலும் இதே விளக்கங்கள் கைதட்டு வாங்குகின்றன. வீட்டில் பாட்டி வழக்கம்போல ஒரு சொலவடையைச் சொல்லும்போது, “அது அப்படி இல்ல பாட்டி, உண்மையான அர்த்தம் வேற” என்று பேரப்பிள்ளை திருத்துகிறது. பாட்டியும் வாயை மூடிக்கொள்கிறார்.

இந்தத் திருத்தங்களில் பெரும்பாலானவை நிற்காது. ஏன் நிற்காது, ஒரு சொலவடை உண்மையிலேயே எப்படி மாறுகிறது, பாட்டியின் பேச்சு ஏன் ‘கொச்சை’ இல்லை, இதையெல்லாம் வீட்டிலேயே எப்படிச் சோதித்துப் பார்க்கலாம் என்பதை அடியிலிருந்து பார்ப்போம்.

எதற்கு என்ன பெயர்

நாலு வகையை முதலில் பிரித்துக்கொள்ள வேண்டும். குழப்பத்தில் பாதி இவற்றைக் கலப்பதால் வருகிறது.

பழமொழி என்பது முழு வாக்கியம். ஊரே அறிந்தது, யார் சொன்னது என்று தெரியாதது. “ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம்” ஒரு பழமொழி. தென் மாவட்டங்களில் இதையே சொலவடை என்பார்கள். மரபுத்தொடர் முழு வாக்கியம் அல்ல. வாக்கியத்துக்குள் போய் உட்காரும் தொடர். “கம்பி நீட்டிட்டான்”, “கயிறு திரிக்கிறான்” போன்றவை. அங்கே கம்பியும் இல்லை, கயிறும் இல்லை. வட்டார வழக்கு என்பது ஒரு நிலப்பகுதிக்கே உரிய சொல்லும் ஒலியும் பேச்சு அமைப்பும். நான்காவது வீட்டு வழக்கு: ஒரு குடும்பத்துக்குள் மட்டும் செல்லுபடியாகும் பேச்சு. எப்போதோ வீட்டில் நடந்த ஒன்றிலிருந்து பிறந்திருக்கும். அடுத்த வீட்டுக்காரருக்குப் புரியாது.

ஒரே வாக்கியத்தில் நாலும் சேர்ந்து வரலாம். பாட்டி சொன்ன ஒரு வரியைப் புரிந்துகொள்ளத் தடுமாறினால், அது இந்த நாலில் எதைச் சேர்ந்தது என்பதுதான் முதல் கேள்வி. வட்டாரச் சொல்லாக இருந்தால் பக்கத்து ஊரில் விடை கிடைக்கும். வீட்டு வழக்காக இருந்தால் சித்தப்பாவிடம்தான் கேட்க வேண்டும்.

பெயரைப் பிரித்தால் பொருள் வராது

காய் நறுக்கும் அரிவாள்மணையை எடுத்துக்கொள்ளுங்கள். பலர் அதை ‘அரிவாள்மனை’ என்று எழுதுகிறார்கள். அந்த எழுத்தை மட்டும் வைத்துக்கொண்டு, மனை என்றால் வீடு, ஆகவே இது வீட்டைக் காக்கும் அரிவாள் என்று ஒருவர் அழகாக விளக்கம் சொல்லிவிட முடியும். கேட்க நன்றாகவே இருக்கும். ஆனால் அது மணை, உட்காரும் பலகை. அரிவாளைப் பலகையில் பொருத்தியிருக்கிறது, அவ்வளவுதான். பொருளைக் கையில் எடுத்து, ஒருமுறை உட்கார்ந்து காய் நறுக்குபவருக்கு இந்தச் சந்தேகமே வராது.

பழமொழியும் இப்படித்தான் அறியப்படும். அதன் பொருள் அது பயன்படும் இடத்தில் இருக்கிறது. யார், யாரிடம், என்ன நடந்தபோது சொன்னார்கள் என்பதுதான் அகராதி. தொல்காப்பியம் செய்யுளியலில் பழமொழியை முதுமொழி என்று பெயரிட்டு, அது “குறித்த பொருளை முடித்தற்கு வரூஉம்” என்கிறது. பேசிக்கொண்டிருக்கும் விஷயத்தை முடித்துவைக்க வருவது. முடிக்க வேண்டிய விஷயம் ஒன்று முன்னால் இருக்க வேண்டும்; அது இல்லாமல் பழமொழியைத் தனியே எடுத்து வைத்துக்கொண்டு சொல்லைச் சொல்லாகப் பிரித்தால் எந்தப் பொருளையும் வரவழைத்துவிடலாம்.

சொலவடை வேலை செய்யும் விதம்

எத்தனையோ பழமொழிகள் ‘ஆம்’ என்று முடிவதைக் கவனித்திருப்பீர்கள். என்றாளாம், போனானாம், கேட்டானாம். பிறர் சொல்லக் கேட்டது என்பதைக் காட்டும் விகுதி இது. இதற்குள் ஒரு பெரிய வசதி இருக்கிறது. மருமகளையோ மாமியாரையோ பங்காளியையோ நேராகக் குறை சொன்னால் சண்டை வரும். “ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம்” என்று யாரோ ஒருத்தியைப் பற்றிச் சொன்னால், கேட்பவருக்கு உறைக்கும்; ஆனால் “என்னையா சொல்றீங்க?” என்று கேட்டால், “நான் பழமொழியத்தானே சொன்னேன்” என்று ஒதுங்கிக்கொள்ளலாம். கூட்டுக் குடும்பத்தில் ஒரே கூரைக்குக் கீழ் ஆண்டுக்கணக்காக இருந்தாக வேண்டியவர்களுக்கு இந்த ஒதுங்கும் இடம் மிகவும் தேவைப்பட்டது. “மாமியார் உடைத்தால் மண்குடம், மருமகள் உடைத்தால் பொன்குடம்” என்பதை மாமியார் சொல்ல மாட்டார். சொல்பவர் மாறினால் பழமொழியின் முனை எந்தப் பக்கம் திரும்புகிறது என்பதும் மாறும்.

இன்னொன்று, பெரியவர்கள் பழமொழியை முழுதாகச் சொல்வதே அபூர்வம். “கழுதை கெட்டா…” என்று நிறுத்திவிடுவார்கள். கேட்பவருக்குக் குட்டிச்சுவர் தெரியும். “ஆத்திரக்காரனுக்கு…” என்றால் புத்தி மட்டு. பக்கத்தில் விளையாடிக்கொண்டிருந்த குழந்தையின் காதில் விழுவது அந்தப் பாதி மட்டும்தான். முப்பது வருடம் கழித்து அந்தக் குழந்தைக்கு நினைவில் இருப்பது முன்பாதியும் சொன்னவரின் குரலும். பின்பாதியை இப்போது ஊகித்து ஒட்டவைக்கிறது. நினைவிலிருந்து எடுக்கும் சொலவடைகள் தடம் மாறும் முதல் இடம் இது.

மூன்றாவது, இடமும் காலமும். “ஐப்பசி கார்த்திகை அடைமழை” வடகிழக்குப் பருவமழையை நம்பியிருக்கும் கடற்கரை மாவட்டங்களுக்கும் யாழ்ப்பாணத்துக்கும் அப்படியே பொருந்தும். நீலகிரியின் கூடலூர் மலைப்பக்கம் ஆனி ஆடியிலேயே தென்மேற்குப் பருவமழை கொட்டித் தீர்த்துவிடும். பழமொழி பொய் சொல்லவில்லை. அது பிறந்த நிலத்தின் வானத்தைச் சொல்கிறது.

சுருங்கச் சொன்னால், ஒரு சொலவடைக்குப் பொருள் கேட்கும்போது கூடவே கேட்க வேண்டியவை: சொன்னவர் யார், யாருக்குக் குத்தியது, மீதிப் பாதி என்ன, எந்த ஊர்.

பேச்சுத் தமிழின் ஒலி விதிகள்

பாட்டி ‘எலை’ என்கிறார், ‘ஒடம்பு’ என்கிறார், ‘கொடம்’ என்கிறார். எழுத்துத் தமிழ் சரியாக வராததால் அப்படிப் பேசுகிறார் என்றுதான் பலர் நினைக்கிறார்கள். அதில் விதி இருக்கிறது. கணக்குப்போல ஒழுங்கான விதி.

சொல்லின் முதலில் இ அல்லது உ இருந்து, அடுத்து ஒற்றை மெய் வந்து, அதன்மேல் அ அல்லது ஐ ஏறியிருந்தால், இ எ ஆகும், உ ஒ ஆகும். இலை எலை, விலை வெலை, குடம் கொடம், புகை பொகை. ஆனால் ‘குடி’ யாருடைய வாயிலும் ‘கொடி’ ஆவதில்லை. அடுத்து வருவது இ. ‘குப்பை’ ‘கொப்பை’ ஆவதில்லை. நடுவில் இரட்டை மெய். எழுதப் படிக்கத் தெரியாதவரும் இந்த விதியைத் தவறுவதில்லை.

இன்னொன்று: இ, ஐ ஆகிய ஒலிகளுக்குப் பிறகு வரும் த்த ச்ச ஆகும். அடித்தான் அடிச்சான், படித்தான் படிச்சான், வைத்தான் வச்சான். ‘படுத்தான்’ மட்டும் படுத்தான்தான். முன்னால் இருப்பது உ.

மூன்றாவது, ஊருக்கு ஊர் பிரியும் இடம். ன்று என்பது தமிழகத்துப் பேச்சில் பெரும்பாலும் ண்ணு அல்லது ணு: ஒண்ணு, கண்ணு, மூணு. யாழ்ப்பாணத்தில் அதுவே ண்டு: ஒண்டு, கண்டு, மூண்டு. ஒரே மூலம், இரண்டு வழி. எது சரி என்ற கேள்விக்கு இங்கே இடமில்லை. இந்த விதியை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், சற்றுப் பிறகு ஒரு பழமொழியைச் சோதிக்க இதே விதி தேவைப்படும்.

ஒலி மாற்றம் விதிப்படி நடக்கும். ஒரு சொல்லில் நடந்தால் அதே அமைப்புள்ள மற்றச் சொற்களிலும் நடக்கும். ஒரே ஒரு சொல்லுக்கு மட்டும் ஒரு மாற்றத்தை யாராவது சொன்னால் சந்தேகப்பட வேண்டும்.

வட்டாரச் சொல் பிழையான சொல் அல்ல

தொல்காப்பியமே சொற்களை இயற்சொல், திரிசொல், திசைச்சொல், வடசொல் என்று நாலாக வகுத்து, செந்தமிழ் சேர்ந்த பன்னிரு நிலத்துச் சொற்களைத் திசைச்சொல் என்கிறது. நிலத்துக்கு நிலம் சொல் மாறும் என்பது தமிழ் இலக்கணத்துக்கு ஆதியிலிருந்தே தெரிந்த செய்தி.

நெல்லைக்காரர் “பைய வா” என்றால் மெதுவாக வா என்று பொருள். ஏழாம் நூற்றாண்டில் ஞானசம்பந்தர் மதுரையில் பாடிய பதிகத்தில் “பையவே சென்று பாண்டியற் காகவே” என்று வருவதும் இதே பைய. கன்னியாகுமரிப் பக்கம் “வெள்ளம் குடி” என்றால் தண்ணீர் குடி; மற்ற ஊர்க்காரருக்கு வெள்ளம் ஊரை அடித்துக்கொண்டு போவது. வளவு என்ற சொல் செட்டிநாட்டில் வீட்டின் உள்முற்றத்தைச் சுற்றிய பகுதி, யாழ்ப்பாணத்தில் வீடும் அதைச் சுற்றிய காணியும், நெல்லையில் வரிசை வீடுகள் சேர்ந்த ஓர் இடம். கொங்கில் ஒரம்பரை என்றால் வந்திருக்கும் உறவினர், நோம்பி என்றால் திருவிழா, அப்புச்சி என்றால் தாயைப் பெற்ற தாத்தா. சென்னையில் வளரும் பேரனுக்கு இவற்றைப் பொது அகராதியில் தேடினால் கிடைக்காமல் போகலாம், அல்லது அதைவிட மோசமாக, வேறு ஊர்ப் பொருள் கிடைக்கலாம்.

சில வீட்டுச் சொற்கள் கப்பலில் வந்தவை. யாழ்ப்பாணத்தில் சமையலறை குசினி, ரொட்டி பாண், கடப்பாரை அலவாங்கு. மூன்றும் போர்த்துக்கீசிய மொழியிலிருந்து வந்தவை. அலுவலகத்தைக் குறிக்கும் கந்தோர் டச்சு. ஆட்சி போய் நூற்றாண்டுகள் ஆகியும் அம்மம்மாவின் பேச்சில் அவை இருக்கின்றன. தமிழகத்தில் தெலுங்கோடு கலந்து வாழ்ந்ததன் தடம் ஒரு பழமொழியிலேயே இருக்கிறது: “குதிரைக்குக் குர்ரம் என்றால் ஆனைக்கு அர்ரமா?” தெலுங்கில் குதிரை குர்ரம். அதை மட்டும் தெரிந்துகொண்டு, அப்படியானால் ஆனை அர்ரமாகத்தான் இருக்க வேண்டும் என்று முடிவுகட்டுபவரைக் கேட்கும் கேள்வி இது. தெலுங்கு காதில் விழாத ஊரில் இது பிறந்திருக்க முடியாது. அரைகுறைச் சொல்லாராய்ச்சிக்கு இதைவிடப் பொருத்தமான பழமொழியும் இல்லை.

பழமொழிகள் உண்மையில் மாறும் விதம்

மாறவே மாறாது என்று சொல்லவில்லை. மாறுகின்றன, அதற்குச் சாட்சியும் இருக்கிறது. பதினெண்கீழ்க்கணக்கில் ஒன்றான பழமொழி நானூறு, ஒவ்வொரு வெண்பாவிலும் ஒரு பழமொழியை வைத்து எழுதப்பட்டது. அதை இன்றைய பேச்சோடு ஒப்பிட்டால் மாற்றம் நடந்த வழி கண்ணுக்குத் தெரியும்.

அங்கே “நுணலும் தன் வாயால் கெடும்”. இன்று “தவளை தன் வாயால் கெடும்”. நுணல் மணலுக்குள் மறைந்து கிடக்கும் தவளை, கத்தினால்தான் அகப்படும். நுணல் என்ற சொல் பேச்சிலிருந்து போனதும் மக்கள் அதே பொருளுக்கு அருகிலுள்ள, தங்களுக்குத் தெரிந்த சொல்லை அந்த இடத்தில் வைத்துக்கொண்டார்கள். அங்கே “பாம்பு அறியும் பாம்பின கால்”, இங்கே “பாம்பின் கால் பாம்பறியும்”. சொற்கள் இடம் மாறியிருக்கின்றன. அங்கே “நிறைகுடம் நீர்தளும்பல் இல்”, இங்கே “நிறைகுடம் தளும்பாது”. இலக்கண உருவம் பேச்சுக்கு ஏற்ப மாறியிருக்கிறது.

மூன்றிலும் ஒன்றைக் கவனியுங்கள். சொல் மாறியது, வரிசை மாறியது, உருவம் மாறியது. கருத்து மாறவில்லை. எந்தச் சூழலில் அன்று சொன்னார்களோ அதே சூழலில் இன்றும் சொல்கிறோம். பேச்சில் புழங்கும் பழமொழியை மக்கள் கருத்தால் பிடித்துவைத்திருக்கிறார்கள்.

‘உண்மைப் பொருள்’ எங்கிருந்து வருகிறது

ஒரு சொல் புரியாதபோதோ, புரிந்த பொருள் பிடிக்காதபோதோ, ஒலியால் நெருங்கிய வேறு சொல்லைக் கொண்டு புதுப் பொருள் கற்பிப்பதை மொழியியலில் மக்கள் சொற்பிறப்பு என்பார்கள். எல்லா மொழியிலும் நடக்கும். தமிழில் இது கூடுதலாகச் செழிப்பதற்குக் காரணம் உண்டு. நமக்குச் சிலேடை என்ற பெரிய கலை இருக்கிறது. ஒரே ஒலித்தொடரை இரண்டு விதமாகப் பிரித்து இரண்டு பொருள் காண்பதில் தமிழர்களுக்குத் தலைமுறை தலைமுறையாகப் பயிற்சி. அந்த மகிழ்ச்சி உண்மையானது. ஆனால் இரண்டு விதமாகப் பிரிக்க முடிகிறது என்பது வேறு, முன்னோர்கள் அப்படித்தான் சொன்னார்கள் என்பது வேறு.

பொருள் பிடிக்காமல் போவதுதான் இன்னும் வலுவான காரணம். கொலை, கழுதை, ஏளனம் எல்லாம் நம் முன்னோர் வாயில் வந்திருக்கக் கூடாது என்று நினைக்கிறோம். உடனே ஒரு கண்ணியமான பொருள் தேவைப்படுகிறது. “பெண் புத்தி பின் புத்தி” என்பதற்கு, பின்னால் வருவதை அறியும் புத்தி என்று இப்போது விளக்கம் சொல்கிறார்கள். நல்லெண்ணம்தான். ஆனால் அந்தப் பழமொழி எந்தச் சூழலில் சொல்லப்பட்டது என்று வயதான எந்தப் பெண்ணிடமும் கேட்டுப் பாருங்கள். அவர் கருத்துச் சொல்ல வந்தபோது அவரை அடக்கத்தான் சொல்லியிருப்பார்கள். அதை மெழுகி மறைப்பது அந்தப் பெண்களுக்கு நடந்ததை இல்லை என்று சொல்வதாகும். இழிவான பழமொழியை இழிவானது என்று ஒப்புக்கொண்டு பயன்படுத்தாமல் விடுவதே நேர்மை.

நாலு சோதனைகள்

ஒரு ‘உண்மைப் பொருள்’ கைக்கு வந்தால் நாலு கேள்வி கேட்கலாம். சொல்லும் சூழலுக்குப் பொருந்துகிறதா? ஒலி விதிப்படி அந்த மாற்றம் நடக்குமா? அண்டை மொழிகளில் இதே பழமொழி எப்படி இருக்கிறது? பழைய தொகுப்புகளில் எப்படி அச்சாகியிருக்கிறது? கடைசிக் கேள்விக்கு நமக்கு நல்ல கருவிகள் உண்டு. பெர்சிவல் பாதிரியார் 1874இல் சென்னையில் வெளியிட்ட தொகுப்பில் ஆறாயிரத்துக்கு மேற்பட்ட பழமொழிகள் இருக்கின்றன; ஹெர்மன் ஜென்சன் 1897இல் இன்னொரு தொகுப்பு வெளியிட்டார். இவை இணையத்தில் இலவசமாகப் படிக்கக் கிடைக்கின்றன. இனி நாலு பழமொழிகளை வைத்துப் பார்ப்போம்.

கழுதைக்குத் தெரியுமா கற்பூர வாசனை. சுற்றும் விளக்கம்: “கழு தைக்கத் தெரியுமாம் கற்பூர வாசனை”. கழு என்பது ஒருவகைக் கோரைப்புல், அதில் பாய் தைத்துப் படுத்தால் கற்பூர மணம் வருமாம். எல்லையைத் தாண்டிக் கேளுங்கள். கன்னடத்தில் “கத்தெகேனு கொத்து கஸ்தூரி பரிமள”: கழுதைக்கு என்ன தெரியும் கஸ்தூரி மணம். தெலுங்கில் “காடிதகேம் தெலுசு கந்தபு வாசன”: கழுதைக்கு என்ன தெரியும் சந்தன வாசனை. சமஸ்கிருதத்தில் சுசுருத சம்ஹிதையிலேயே, சந்தனக்கட்டை சுமக்கும் கழுதைக்குப் பாரம் தெரியும், சந்தனம் தெரியாது என்ற உவமை வருகிறது. கத்தெயிலும் காடிதயிலும் கழு என்ற புல்லைப் பிரித்தெடுக்க வழியில்லை. இத்தனை மொழியிலும் நிற்பது கழுதைதான். மொழிக்கு மொழி மாறுவது மணப்பொருள். அதுவும் பெரும்பாலும் எதுகை மோனைக்கு ஏற்ப மாறுகிறது: கத்தெக்குக் கஸ்தூரி, காடிதக்குக் கந்தம், கழுதைக்குக் கற்பூரம். பழமொழிக்கு நினைவில் நிற்கும் ஓசைதான் எலும்பு. அந்த எலும்பு மூன்று மொழியிலும் ஒரே மாதிரி இருப்பதைவிட நல்ல சாட்சி வேண்டியதில்லை.

ஆயிரம் பேரைக் கொன்றவன் அரை வைத்தியன். விளக்கம்: “ஆயிரம் வேரைக் கொண்டவன் அரை வைத்தியன்”. ஒலி விதியைப் பாருங்கள். கொன்றவன், கொண்டவன் இரண்டும் யாழ்ப்பாணப் பேச்சில் ஒன்றாகிவிடும். ஒன்று ஒண்டு ஆகும் அதே விதி. ஆகவே விளக்கத்தில் பாதி கடந்துவிடுகிறது. ஆனால் வேர் பேர் ஆக வேண்டும். சொல்லின் முதலில் வ ப ஆவது கன்னடத்தின் வழக்கம். அங்கே வேர் பேரு என்றே ஆகிவிட்டது. தமிழில் அப்படி ஒரு விதி இல்லை. வீடு பீடு ஆவதில்லை, வேலை பேலை ஆவதில்லை. அடுத்து, சமஸ்கிருதத்தில் “சதமாரீ பவேத் வைத்ய: ஸஹஸ்ரமாரீ சிகித்ஸக:” என்ற பேச்சு உண்டு. நூறு பேரைக் கொன்றவன் வைத்தியன், ஆயிரம் பேரைக் கொன்றவன் பெரிய மருத்துவன். மாரி என்பது இங்கே கொல்பவன். பத்தொன்பதாம் நூற்றாண்டுத் தமிழ்த் தொகுப்பிலும் கொன்றவன் என்றே இருக்கிறது. இது வைத்தியர்களைப் பற்றி நோயாளிகள் பேசிக்கொண்ட கிண்டல். தப்புச் செய்து செய்துதான் கைப்பழக்கம் வரும் என்ற கசப்பான உண்மையும் அதில் இருக்கிறது. வேரைப் பற்றிய அறிவுரையாக மாற்றினால் அந்தக் கசப்பு போய்விடும்.

சட்டியில் இருந்தால் அகப்பையில் வரும். விளக்கம்: சஷ்டியில் விரதம் இருந்தால் அகப்பையாகிய கருப்பையில் பிள்ளை வரும். இதில் சுவாரசியம், ஒலிச் சோதனையில் இது தேறிவிடுகிறது. நஷ்டம் நட்டம், கஷ்டம் கட்டம் என்றாவதுபோல சஷ்டி சட்டி ஆகும். ஈழத்தில் கந்தசட்டி என்றே சொல்வார்கள். ஆகவே ஒரு சோதனை போதாது. சூழலைக் கேளுங்கள். கையில் காசு இல்லாதவரிடம் உதவி கேட்கும்போது, படிக்காத பையனிடம் விடையை எதிர்பார்க்கும்போது சொல்வது இது. பிள்ளை வரத்துக்காக விரதம் இருப்பவரிடம் இதைச் சொல்லிக் கேட்டவர் இந்த விளக்கம் பரவுவதற்கு முன் எத்தனை பேர் இருப்பார்கள்? அகப்பை என்றால் கொட்டாங்கச்சியில் காம்பு செருகிய கரண்டி. சட்டிக்குள் போய்வரும் பொருள் அதுதான். சட்டியும் அகப்பையும் ஒரே அடுப்படியில் இருக்கும்போது இரண்டையும் அங்கிருந்து பிடுங்கி எடுக்கக் காரணம் இல்லை.

மண் குதிரையை நம்பி ஆற்றில் இறங்காதே. இதற்கு ‘மண் குதிர்’, அதாவது ஆற்று நடுவிலுள்ள மணல்மேடு என்று விளக்கம். குதிரை என்பதைக் குதிர்+ஐ என்று பிரிக்க இலக்கணம் இடம் தருகிறது என்பது உண்மை. ஆனால் வீடுகளில் குதிர் என்றால் நெல் கொட்டிவைக்கும் கூடு. மண் குதிரையோ தமிழ்நாட்டுக் கிராமத்துக்குப் புதிதல்ல. அய்யனார் கோயிலுக்குக் குயவர்கள் மண்ணால் செய்து கொடுக்கும் புரவிகள் ஆளுயரத்துக்கு மேல் நிற்கின்றன. குதிரை ஏறி ஆற்றைக் கடப்பதும் ஒரு காலத்தில் அன்றாடக் காரியம். பார்க்கக் கம்பீரமாக இருந்து ஈரத்தில் கரையும் ஒன்றை நம்பாதே என்ற கருத்து, குதிரையை வைத்தே முழுமையாக இருக்கிறது. குறையே இல்லாத இடத்தில் திருத்தம் எதற்கு?

நாலையும் சேர்த்துப் பார்த்தால், ஒரு சோதனையில் தேறியதும் நின்றுவிடக் கூடாது என்பது தெரியும். சட்டி ஒலியில் தேறிச் சூழலில் விழுந்தது. கழுதை விளக்கம் அண்டை மொழியில் விழுந்தது. சூழல் சோதனைக்கு எந்தப் புத்தகமும் வேண்டாம், வீட்டில் வயதானவர் ஒருவர் போதும். அதை முதலில் செய்யுங்கள்.

உங்கள் வீட்டுச் சொலவடைகளைக் குறித்துவைக்கும் முறை

“பாட்டி, பழமொழி சொல்லுங்க” என்று கேட்டால் எதுவும் வராது. வந்தாலும் பாடப்புத்தகத்தில் உள்ள பத்துதான் வரும். பழமொழி நினைவில் தலைப்பு வரிசையில் இல்லை, நிலைமையோடு ஒட்டிக்கொண்டிருக்கிறது. ஆகவே நிலைமையைச் சொல்லித் தூண்டுங்கள். சம்பந்தி வீட்டில் குறை சொன்னால் என்ன சொல்வீர்கள்? சாப்பிட்ட தட்டை அப்படியே வைத்துப் போகும் பிள்ளையை? கடன் வாங்கித் திருப்பித் தராதவரை? மழை பொய்த்தால்? கையில் வேலை இருக்கும்போது கேட்பது இன்னும் நல்லது. முருங்கைக்கீரை உருவும்போது வருகிற பேச்சு, நாற்காலியில் உட்காரவைத்துப் பேட்டி எடுக்கும்போது வராது.

கைப்பேசியில் பதிவுசெய்யுங்கள், அவரிடம் சொல்லிவிட்டு. மின்விசிறியை நிறுத்துங்கள், பதிவைக் கெடுப்பதில் அதற்குத்தான் முதலிடம். கைப்பேசியை மடித்த துண்டின் மேல், பேசுபவரிடமிருந்து ஒரு முழத்துக்குள் வையுங்கள். வெறும் மேசையில் வைத்தால் அதிர்வும் பதிவாகும். ஒரு அமர்வு பதினைந்து இருபது நிமிடம் போதும். அதற்கு மேல் போனால் பெரியவர் களைத்து, உங்களைத் திருப்திப்படுத்தப் பொதுவானவற்றைச் சொல்ல ஆரம்பிப்பார்.

எழுதும்போது ஒரு சொலவடைக்கு ஒரு தாள். முதல் வரியில் காதில் விழுந்தபடியே: “சட்டில இருந்தாத்தான் ஆப்பைல வரும்”. அடுத்த வரியில் எழுத்துத் தமிழில். இந்த வரிசையை மாற்றாதீர்கள். எழுத்துத் தமிழில் முதலில் எழுதினால் ‘ஆப்பை’ போய்விடும். எந்த ஊர்ப் பேச்சு என்று பின்னால் காட்டக்கூடிய தடயமே அதுதான். அதன் கீழே சூழல்: யார் யாரிடம், எதற்காக, கேட்டவர் சிரித்தாரா முகம் சுளித்தாரா. பாதியில் நிறுத்தினாரென்றால் எங்கே நிறுத்தினார் என்று ஒரு கோடு போட்டுக்காட்டி, மீதியைக் கேட்டுத் தனியே எழுதுங்கள்.

ஊரை எழுதும்போது பலர் தவறுகிறார்கள். பாட்டி ஐம்பது வருடம் வாழ்ந்த ஊரை மட்டும் குறித்துவிடுகிறார்கள். அவர் பிறந்து வளர்ந்தது வேறு ஊராக இருக்கலாம்; சொலவடை அங்கிருந்து அவரோடு வந்திருக்கலாம், மாமியாரிடமிருந்தும் கற்றிருக்கலாம். பிறந்த ஊர், வாழ்க்கைப்பட்ட ஊர், யாரிடம் கேட்டது என்று மூன்றையும் எழுதுங்கள். ஒரே வீட்டில் அப்பத்தாவும் அம்மாச்சியும் ஒரே பழமொழியை இரண்டு விதமாகச் சொன்னால் இரண்டையும் தனித்தனித் தாளில் வையுங்கள். இரண்டையும் கலந்து ‘சரியான வடிவம்’ ஒன்றைச் செய்தால், இரண்டு ஊரிலும் யாரும் சொல்லாத மூன்றாவது ஒன்று பிறக்கும்.

சாதியையோ பெண்களையோ உடற்குறை உள்ளவர்களையோ இழிவுபடுத்தும் சொலவடைகளும் கட்டாயம் வரும். எழுதாமல் விட்டால் பதிவு பொய்யாகிவிடும். எழுதி, ஓரத்தில் ‘இழிவுப் பேச்சு’ என்று குறித்து, குழந்தைகள் படிக்கும் பிரதியில் சேர்க்காமல் வையுங்கள்.

பேசும்போது குறுக்கே திருத்தாதீர்கள். வாட்ஸ்அப்பில் படித்த விளக்கம் நினைவுக்கு வந்தாலும் அந்த நேரத்தில் சொல்ல வேண்டாம். ஒருமுறை திருத்தப்பட்டவர் அதன் பிறகு யோசித்து யோசித்துப் பேசுவார்; யோசித்துப் பேசும் பேச்சில் வட்டார ஒலி மறைந்து, செய்தி வாசிப்பதுபோல வரும். பொருள் கேட்க வேண்டுமென்றால் “இதுக்கு என்ன அர்த்தம்?” என்பதைவிட “இத எப்பச் சொல்லுவீங்க?” என்ற கேள்விக்கு நல்ல பதில் கிடைக்கும். முதல் கேள்விக்கு ஒரு வரி விளக்கம் வரும். இரண்டாவதற்கு, யார் யாரிடம் எந்தக் கல்யாணத்தில் சொன்னது என்று ஆளோடும் ஊரோடும் சேர்த்தே வரும்.